வன்முறை ஆட்டங்களின் விற்பனைத் தடையும் பெற்றோர் அறிய வேண்டுவனவும்

நிகழ்பட ஆட்டம் என்பது, ஆடுவோரின் விரலசைவை உள்வாங்கி, அவ்வசைவுக்கு ஏற்ற அடுத்த காட்சியை நொடிப்பொழுதில் திரையில் வகுத்துத் தரும் விளையாட்டாகும். திரைப்படத்தினின்றும் இதனைப் பிரித்துக் காட்டும் பண்பு ஊடாட்டம் என்னும் ஒன்றே. திரைப்படத்தில் வாளை ஓங்குபவர் நடிகர். பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டாலும் வாள் இறங்கியே தீரும். நிகழ்பட ஆட்டத்திலோ ஓங்குவதும் தாழ்த்துவதும் ஆடுவோர் கையில் உள்ளன. ஓங்கினால் புள்ளி கூடுகிறது, தயங்கினால் ஆட்டம் முடிகிறது. ஆகவே, ஆட்டத்தில் வரும் வன்முறையை அளக்கப் புகுவோர், என்ன காட்டப்படுகிறது என்பதோடு நில்லாமல், என்ன செய்யத் தூண்டப்படுகிறது, எதற்குப் பரிசு தரப்படுகிறது என்பவற்றையும் சேர்த்தே அளக்கின்றனர்.

இவ்வளவீட்டின் விளைபொருளே அகவைக் குறி. தாக்கப்படுவது மாந்தரா புனைவுயிரா, அடிபட்டதும் குருதி தெறிக்கிறதா அன்றி உரு மறைந்துவிடுகிறதா, எதிர்க்க இயலாதவரைத் தாக்கினாலும் பரிசு உண்டா என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டு, இன்ன அகவைக்கு மேற்பட்டோர்க்கே இவ்வாட்டம் ஏற்றது என்று வரையறுக்கின்றனர். அமெரிக்காவில் 1994-இல் இதற்கெனத் தனி வாரியம் அமைந்தது. ஐரோப்பாவில் 2003-இல் பொதுக் குறியீடு வந்தது. பல நாட்டு வாரியங்கள் ஒருங்கிணைந்து 2013-இல் பன்னாட்டு அகவைத்தரக் கூட்டணியை நிறுவின. நம் 'ஆண்ட்ராய்டு' திறன்பேசியின் செயலிக் கடையில் ஆட்டத்தின் பெயருக்கு அருகே 3, 7, 12, 16, 18 என்னும் எண்களுள் ஒன்று கூட்டல் குறியோடு நிற்கிறதே, அது இக்கூட்டணி வகுத்த முறையின்படி இடப்படுவது. ஆட்டத்தை ஆக்கிய நிறுவனமே ஒரு வினாநிரலுக்கு விடையளிக்க, அவ்விடைகளிலிருந்து எண் பிறக்கிறது. எனவே அது முதன்மையாக ஒரு தன்னறிக்கை. நடுநிலையாளர் ஒருவர் அமர்ந்து முழுதும் ஆடிப் பார்த்து இட்ட முத்திரை அன்று. இவ்வெண்ணைக் கண்டிருந்தும் அதன் பொருளை அறியாத பெற்றோர் மிகப் பலர். சிலர் அதனை ஆட்டத்தின் கடின அளவு என்றும் கொள்கின்றனர்.

வன்முறை ஆட்டம் பிள்ளையை வன்முறையாளன் ஆக்குமா என்பது அடுத்த வினா. இங்கே ஒட்டுறவு என்னும் புள்ளியியற் சொல்லைத் தெளிவுறப் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். இரண்டு அளவுகள் சேர்ந்தே கூடிக் குறைவது ஒட்டுறவு. ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது அதனினும் வேறான உறவு. சினமிக்க சிறுவன் சினமிக்க ஆட்டத்தை நாடுவதும் ஒட்டுறவாகவே தோன்றும். அமெரிக்க உளவியற் கழகம் 2015-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வன்முறை ஆட்டத்துக்கும் தாக்கு நாட்டத்துக்கும் சிறிய தொடர்பு உண்டென்றது. 2020-இல் தன் முடிவைத் திருத்திச் சொல்கையில், கொலை போன்ற கொடுஞ்செயல்களுக்கு ஆட்டங்களே வேர் என்பது அறிவியலுக்கு ஒவ்வாது என்றும் வலியுறுத்தியது. ஆக்சுபோர்டு ஆய்வாளர் பிரிசுபில்சுகியும் அவர்தம் துணையாய்வாளரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 14, 15 அகவையுடைய 1,004 பிரித்தானியச் சிறாரையும் அவர்களை வளர்ப்போரையும் வினவி, வன்முறை ஆட்டம் ஆடியதற்கும் தாக்கு நடத்தைக்கும் இடையே குறிப்பிடத்தக்க ஒட்டுறவைக் காணவில்லை. அவர்கள் வன்முறையின் அளவைச் சிறாரின் சொல்லால் முடிவு செய்யாமல் அகவைக் குறிகளால் முடிவு செய்தனர். சிறாரின் நடத்தையை வளர்ப்போர் வாயிலாகக் கேட்டறிந்தனர். பெற்றோரின் கண் அறிவியலுக்கு ஓர் அளவுகோலாகப் பயன்பட்ட இடம் அது.

இதனால் அச்சத்துக்கே இடமில்லை என்று கொள்வதும் பிழை. உலக நலவாழ்வு நிறுவனம் 2022 சனவரி முதல் நடப்புக்கு வந்த நோய்ப் பட்டியலில் ஆட்டக் கோளாற்றைச் சேர்த்துள்ளது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தல், பிற வாழ்க்கைப் பணிகளினும் ஆட்டத்துக்கே முதலிடம் தருதல், தீங்கு விளைந்தும் விடாமல் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றுள் எதுவும் குருதியின் நிறத்தைப் பற்றியது அன்று என்பதைக் கருதுக. வன்முறையின் அளவு ஒரு சிக்கல், ஆட்டப் பொழுதின் அளவு வேறொரு சிக்கல், ஆட்டத்துக்குள் பணம் கரைவது மூன்றாம் சிக்கல். மூன்றையும் ஒரே தடையால் தீர்க்க முயல்வதே நம் நாட்டில் பல குழப்பங்களின் ஊற்று.

தடை எவ்விடத்தில் செயற்படுகிறதோ அவ்விடத்தை வாயில் என்போம். வாயில் வேறாயின் விளைவும் வேறாகும்.

முதலாவது விற்பனை வாயில். கலிபோர்னியா மாநிலம் 2005-இல் இயற்றிய சட்டம், 18 அகவை நிரம்பாதோர்க்கு வன்முறை ஆட்டத்தை விற்கும் கடைக்காரருக்கு 1,000 தாலர் வரை ஒறுப்புக் கட்டணம் விதித்தது. பேழையின் முகப்பில் 18 என்னும் எண்ணைப் பெரிதாகப் பொறிக்கவும் பணித்தது. அச்சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. 2011 சூன் 27 அன்று அமெரிக்கத் தலைமை அறமன்றம், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அது பேச்சுரிமைக்கு முரணானது என்று தள்ளியது. தீர்ப்பை எழுதிய நடுவர் சுகாலியா சுட்டிய ஒரு கருத்து நமக்கு மிகவும் வேண்டுவது: கடைக்காரர் விற்கக் கூடாத ஆட்டத்தைத் தாயோ தந்தையோ மாமனோ வாங்கிக் கொடுக்கலாம் என்று அச்சட்டமே இடம் விட்டிருந்தது. சட்டம் விற்பவரைக் கட்டியது, கொடுப்பவரைக் கட்டவில்லை. சட்டம் நடைமுறைக்கு வராதிருந்தும் அந்நாட்டுக் கடைகளில் கட்டுப்பாடு தளரவில்லை என்பது இதனினும் நோக்கத்தக்கது. அந்நாட்டு வணிக ஆணையம் சிறாரையே கடைகளுக்கு அனுப்பிச் செய்த சோதனையில், 2000-இல் 85 விழுக்காட்டினர் முதிர்ந்தோர்க்கான ஆட்டத்தை வாங்கிவர முடிந்தது. 2011-இல் வெளியான முடிவில் அது 13 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஒறுப்புச் சட்டம் ஏதுமின்றி, வணிகர் தாமே ஏற்ற அகவைக் குறி முறையால் விளைந்த மாற்றம் இது. கல்லாவின் முன் நின்று முகம் பார்த்து அகவை கேட்கும் ஓர் ஆள் இருந்தமையால்தான் அது கைகூடியது.

இரண்டாவது நாட்டு வாயில். 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு 'பப்ஜி' என்னும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தபோது, பிள்ளைகளின் நலன் கருதியே அரசு தடுத்தது என்று பெற்றோர் பலர் மகிழ்ந்தனர். உண்மை வேறு. அத்தடை தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69அ பிரிவின்கீழ்ப் பிறந்தது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது அமைதி என்பவையே அப்பிரிவு ஏற்கும் அடிப்படைகள். பிள்ளையின் உறக்கமும் படிப்பும் அவற்றுள் இல்லை. ஒரு சீன நிறுவனத்தோடு இருந்த பிணைப்பும் தரவுப் பாதுகாப்பும் தடைக்கு வித்திட்டன, துப்பாக்கி வித்திடவில்லை. ஆகவேதான், அவ்வாட்டத்துக்கு உரிய கொரிய நிறுவனம் அதனையே இந்தியாவுக்கென மாற்றியமைத்து 2021 சூலை 2 அன்று வெளியிட முடிந்தது. அப்பதிப்பில் குருதி பச்சை நிறமாயிற்று. கொல்லுதல் என்னும் சொல் முடித்தல் என்றாயிற்று. 18 நிரம்பாதோர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேர எல்லை இடப்பட்டது. 2022 சூலையில் அதுவும் செயலிக் கடையினின்று நீக்கப்பட்டு, 2023 மே இறுதியில் மீண்டது. அதை ஒத்த மற்றோர் ஆட்டமாகிய 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரி 14 அன்று தடைப்பட்டது. ஆனால் 'மேக்ஸ்' என்னும் ஒட்டுப்பெயரோடு அதன் உடன்பிறப்பு செயலிக் கடையில் தொடர்ந்து கிடைத்தது. வந்தும் போயும் மீண்டும் வந்த இத்தடைகளால் சிறுவர் கற்றுக்கொண்ட பாடம், தடை என்பது காத்திருந்தால் கடந்துவிடும் என்பதே. பெற்றோர் கற்றுக்கொண்டதோ, அரசு பார்த்துக்கொள்ளும் என்பது. இரண்டாம் பாடமே கூடுதல் தீங்கு தருவது.

மூன்றாவதாகிய இட வாயில் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. குசராத்தின் இராசுகோட்டு நகரில் 2019 மார்ச்சில் காவல்துறை 'பப்ஜி' ஆட்டத்துக்குத் தடையாணை பிறப்பித்து, ஆடிக்கொண்டிருந்த இளைஞரைத் தளைப்படுத்தியது செய்தியாயிற்று. அதற்கு முன்பே, 2018-இன் இறுதியில், வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆடவர் விடுதிகளில் இவ்வாட்டத்துக்குத் தடை அறிவிக்கப்பட்டது நம் பகுதியினர் அறிந்ததே. ஊரைவிட்டு, விடுதியைவிட்டு வெளியேறினால் தடையும் நீங்கிவிடும்.

நான்காவதாகிய பொழுது வாயிலை ஆழ்ந்து நோக்குதல் தகும். தென்கொரியா 2011-இல், 16 நிரம்பாதோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய ஆட்டம் ஆடலாகாது என்று சட்டம் செய்தது. அச்சட்டம் கணினி ஆட்டத்தைத் தழுவியது, கைப்பேசி ஆட்டத்தைத் தழுவவில்லை. சிறாரோ கைப்பேசிக்குப் பெயர்ந்தனர், பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டும் உள்ளே புகுந்தனர். 2022 தொடக்கத்தில் அச்சட்டம் கைவிடப்பட்டது. சீனா 2019-இல் சிறாரின் ஆட்டப் பொழுதை விடுமுறையல்லாத நாளுக்கு ஒன்றரை மணியாகச் சுருக்கியது. அதன் விளைவை அறிய, கோடிக்கணக்கான கணக்குகளின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, மிகுதியாக ஆடுவோர் தொகை குறைந்தமைக்கு நம்பத்தக்க சான்று கிட்டவில்லை என்று முடித்தது. 2021-இல் சீனா வார இறுதியும் விடுமுறையும் மட்டுமே, அந்நாள்களிலும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே எனத் தடையை மேலும் இறுக்கிற்று.

இவ்வாயில்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் எதிர்விளைவு உண்டு. விலக்கப்பட்ட பொருளின்மீது விருப்பம் பெருகுதலை விலக்கு வேட்கை என்று பெயரிட்டு வழங்கலாம். நெதர்லாந்தில் 7 முதல் 17 அகவை வரையிலான 310 சிறாரிடம் நிகழ்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், அகவைக் குறியும் வன்முறை எச்சரிக்கையும் பொறித்த ஆட்டங்களையே அவர்கள் கூடுதலாக விரும்பினர். எச்சரிக்கை அவர்களுக்கு அழைப்பாயிற்று. ஆகவே குறியை அகற்றிவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் காட்டிப் பெற்றோரின் கருத்துக்கு எட்டாத குறி பயன் தராது என்பதே.

நம் நாட்டுச் சட்டங்களை வரிசைப்படுத்தின் ஒரு வியப்பு புலனாகும். திரைப்படத்துக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; 2023 திருத்தத்தால் 7, 13, 16 என்னும் அகவைப் படிகளும் அதில் வந்துவிட்டன. இணையத் தொடர்களுக்கு 2021 நெறிமுறைகள் அத்தகைய படிகளை விதித்துள்ளன. வன்முறையும் கொடுமையும் நிறைந்த கதை நூல்களையும் படக் கதைகளையும் இருபது அகவைக்கு உட்பட்டோர்க்கு விற்பதைத் தடுக்க, 1956-லேயே இளையோர் தீங்குதரு வெளியீடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி விற்பவர் சிறைக்கும் போகக்கூடும். தாளில் அச்சிட்ட வன்முறைக்கு எழுபது ஆண்டுகளாகச் சட்டம் காவல் நிற்க, தாள் ஆட்டத் திரையானதும் காவல் கலைந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கோ சட்டம் விரைந்தது: நடுவர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு 2022-இல் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது, 2025-இல் வந்த தமிழ்நாட்டு நெறிமுறைகள் சிறாரை அவ்வாட்டங்களினின்று முற்றும் விலக்கி, நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை எவரும் ஆடலாகாது என்றன, அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் நடுவணரசின் சட்டம் பண ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுத்தது. பணம் இழப்பது சட்டத்தின் கண்ணுக்குப் பட்டது. வன்முறை ஆட்டத்தின் அகவைக் குறிக்கோ இந்தியாவில் இன்றும் சட்டத் தகுதி இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கலவை என்னும் ஊரிலிருந்து ஆற்காடு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் வழியே ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், நிகழ்பட ஆட்டத்தை விலை கொடுத்து வாங்கும் கடை என்று எதைச் சுட்டுவது? பேழையில் அடைத்த ஆட்டத்தை வாங்கிய சிறுவர் இவ்வட்டாரத்தில் மிகச் சிலரே. இங்குள்ள ஆட்டங்கள் விலையின்றித் தரவிறங்குவன. ஆட்டம் இலவயம், ஆட்டத்துக்குள் அணியும் உடையும் துப்பாக்கியின் பூச்சும் விலைக்குரியன. சிறுவர் 'டைமண்ட்' என்றும் 'யூசி' என்றும் சொல்வது அவ்வுடைகளை வாங்கும் ஆட்ட நாணயத்தை. ஆதலின் விற்பனை என்னும் சொல்லுக்கே இங்குப் புதிய வரையறை வேண்டியிருக்கிறது: அணுகுவித்தல் ஒன்று, ஆட்ட நாணயம் விற்றல் மற்றொன்று. கலிபோர்னியச் சட்டம் போன்ற ஒன்றை நாளையே நம் சட்டமன்றம் இயற்றினாலும், அது முதலாவதைத் தொடாது. விற்பனையை மட்டும் தடுப்பது, கரை உடைந்த ஏரிக்கு மதகை அடைப்பது போன்றது.

அணுகுவிப்போர் யார் என்று பார்ப்போம். காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. விடியலில் நிறுவனப் பேருந்து ஏறிச் சென்று பொழுது சாய்ந்து திரும்பும் தாய், பள்ளி விட்டு வரும் பிள்ளையோடு பேசுவதற்காகவே ஒரு திறன்பேசியை வீட்டில் விட்டுச் செல்கிறாள். அக்கருவி 2020-21 நோய்த்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்புக்கென வாங்கியதாகவோ, இரண்டாம் கை விலையில் வந்ததாகவோ இருக்கும். பழுதுபார்ப்புக் கடையில் 'அண்ணே, கேம் ஏத்திக் குடுங்க' என்று சிறுவன் நீட்டினால், கடைக்காரர் பிறந்த நாள் கட்டத்தில் வாய்க்கு வந்த ஓர் ஆண்டை இட்டுக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார். அல்லது தந்தையின் கணக்கே அதில் திறந்திருக்கிறது. எவ்வழியாயினும் செயலிக் கடையின் கண்ணுக்கு அங்கே அமர்ந்திருப்பவர் நாற்பது அகவை நிரம்பிய ஒருவர். அகவைக் குறியும் மூன்று மணி நேர எல்லையும் அவரைத் தடுக்க வேண்டியதில்லை என்று கணித்து வழிவிடுகின்றன. இதுவே ஐந்தாவதான வீட்டு வாயில். மற்ற நான்கையும் அரசு காக்கலாம், வணிகர் காக்கலாம். இதனைக் காக்கும் பொறுப்பு, தம் பெயரால் கணக்குத் திறந்திருப்பதையே அறியாத தாய் தந்தையரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதற்காக அவர்களைக் குறை கூறுவோரோடு நான் உடன்படேன். நாளெல்லாம் தோலோடும் பசையோடும் உழைத்து வருபவரிடம், ஆங்கிலத்தில் எழுதிய நாற்பது பக்க ஒப்பந்தத்துக்கு 'ஏற்கிறேன்' என்று அழுத்தச் சொல்லிவிட்டு, அறிந்தே ஏற்றார் என்பது முறையாகாது.

தடையின் விளைவாக இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் பெற்றோர் அறிதல் வேண்டும். செயலிக் கடையில் ஆட்டம் மறைந்தபோது சிறுவர் அதனை மறக்கவில்லை. கடைக்கு வெளியே, எவரோ பதிவேற்றிய நிறுவு கோப்பை இணையத்தில் தேடி எடுத்தனர். அவர்கள் அதனை 'ஏபிகே' என்பர். அக்கோப்பை நிறுவுங்கால் 'அறியப்படாத மூலங்களுக்கு இசையவும்' என்று கருவி கேட்க, அவ்விசைவும் தரப்பட்டது. கடையில் இருந்த அகவைக் குறி, தீநிரல் ஆய்வு, பெற்றோர் பூட்டு ஆகிய மூன்றும் இவ்வழியில் இல்லை. அதே கருவியில்தான் தந்தையின் வங்கிச் செயலியும் உள்ளது. ஓர் ஆட்டம் தடைப்பட்டது என்று செய்தி வரும் நாள், வீட்டிலுள்ள கருவியைக் கூடுதல் விழிப்போடு பார்க்க வேண்டிய நாள்.

வீட்டு வாயிலுக்குப் பூட்டு இல்லாமலில்லை. செயலிக் கடையைத் திறந்து, வலப்புற மேல் மூலையில் உள்ள கணக்கு வட்டத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குச் சென்றால் குடும்பம் என்னும் பகுதியில் பெற்றோர் கட்டுப்பாடு உள்ளது. அதனை இயக்கியதும் நான்கிலக்க மறையெண் கேட்கும். பிறகு செயலிகளும் ஆட்டங்களும் என்பதைத் தொட்டு, 7 என்றோ 12 என்றோ எல்லையை வரையறுக்கலாம். அவ்வெல்லைக்கு மேற்பட்ட குறியுடைய ஆட்டம் அதன்பின் அக்கருவியில் புதிதாகத் தரவிறங்காது. முன்பே இறங்கியிருப்பது நீங்காது. அதனைத் தனியே அகற்ற வேண்டும். பணம் செலுத்துமுன் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்குமாறு அமைப்பதும் அதே அமைப்புப் பகுதியில் உண்டு. பிள்ளைக்கெனத் தனிக் கணக்கை, உண்மையான பிறந்த நாளோடு, தொடங்கிக் கொடுத்தால் இத்தகைய கட்டுப்பாடுகள் செம்மையாகச் செயற்படும். எண்ணிமத் தரவின் தனியுரிமை காக்க நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய சட்டமும், 18 நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. பொய்யான பிறந்த நாள் இட்ட கணக்குக்கு அச்சட்டத்தின் நிழல் எட்டாது.

மறையெண்ணைப் பிள்ளை அறியாமல் வைத்திருப்பதோடு, ஏன் வைத்திருக்கிறோம் என்பதைப் பிள்ளை அறியச் செய்வதும் வேண்டும். விலக்கு வேட்கையைத் தணிப்பதற்கு, தடைக்குரிய பொருளைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பார்ப்பதினும் நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஆட்டத்தைக் கண்ணால் காணாத பெற்றோர் அதனைப் பற்றிச் சொல்லும் எச்சரிக்கைக்குப் பிள்ளையிடம் எடையில்லை. 2017-இல், சிறாரைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட 'நீலத் திமிங்கிலம்' பற்றிய அச்சம் தமிழ்நாட்டில் பரவி, சென்னை உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கெடுத்த நாள்களில், அது எந்தச் செயலிக் கடையிலும் விற்கப்பட்ட ஆட்டம் அன்று என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பார் அரிதாயினர். விற்கப்படாத ஒன்றைக் கடையில் தேடிய அவர்கள், கையிலிருந்த கருவியில் இறங்கியவற்றைப் பார்க்க மறந்தனர்.

அகவைக் குறி, ஊடாட்டம், ஒட்டுறவு, விலக்கு வேட்கை, நிறுவு கோப்பு என இக்கட்டுரை நெடுகிலும் தமிழிலேயே சொல்லிவர ஓரிடத்திலும் இடர் நேரவில்லை. ஆதலின் திறன்பேசித் திரையில் வன்முறை எச்சரிக்கையைத் தெளிந்த தமிழில், ஆட்டத்தின் பெயரினும் சிறுத்துவிடாத எழுத்தில் காட்டுவதற்கு எந்த நிறுவனமும் சாக்குச் சொல்ல இயலாது. அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டியது அரசின் கடன். அதுவரை நாமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்னும் அமைப்பு உள்ளது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோர் பெற்றோர். கலவை வட்டத்துப் பள்ளிகளின் அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தாய்மார் தத்தம் திறன்பேசியைக் கையோடு கொண்டு வருவாராக. கணினி அறிந்த ஆசிரியர் ஒருவர் உடனிருந்து, அங்கேயே, ஒவ்வொரு கருவியிலும் பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கி மறையெண் இட்டுத் தருவாராக.